இரு கூற்று, ஒரு கதை: பாத்திரமேற்பு விளையாட்டுகளில் முரண்படும் செயல்கள்

முன்னுரை

1969ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து இரட்டை நகரப் பகுதியில், டேவிட் வெஸ்லி என்பவர் தம் நண்பர்களுக்காகப் போர் விளையாட்டு ஒன்றை அமைத்தார். நெப்போலியன் காலத்தில் அமைந்த பிரவுன்ஸ்டைன் என்னும் கற்பனை நகரம் அதன் களம். படைகளை மட்டும் நகர்த்திவந்த வழக்கத்திற்கு மாறாக, அந்நகரத்து மாந்தருள் ஒருவராக இருக்கும் பொறுப்பை அவர் ஆட்டக்காரர்களுக்கு வழங்கினார். அவர்களுள் இருவர் அவரிடம் வந்து, தம் பாத்திரங்கள் ஒருவரோடொருவர் தனிப்போர் புரியப்போவதாகக் கூறினர். அதற்கென விதி எதுவும் வகுக்கப்படவில்லை. வெஸ்லி அந்நொடியே பகடையை உருட்டி முடிவு கூறினார். ஆட்டம் குழப்பத்தில் முடிந்ததென்றும் தம் முயற்சி தோற்றதென்றும் அவர் எண்ணினார். ஆடியவர்களோ மீண்டும் ஆட விரும்பினர். அக்குழுவைச் சேர்ந்த டேவ் ஆர்னெசன், பின்னர் கேரி கைகாக்ஸுடன் இணைந்து 1974இல் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் விளையாட்டை உருவாக்கி வெளியிட்டார். மேசைப் பாத்திரமேற்பு விளையாட்டு என்னும் வகைமை இதிலிருந்தே பரவலாயிற்று.

இவ்வகைமையை அறியாதார்க்கு ஒரு சிறு விளக்கம் தேவைப்படும். மேசையைச் சுற்றி நால்வரோ ஐவரோ அமர்கின்றனர். அவர்களுள் ஒருவர் ஆட்ட நடத்துநர். கதை நிகழும் உலகையும் அதில் உலவும் பிற மாந்தரையும் அவர் விவரிப்பார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அப்பாத்திரம் செய்வதை வாய்மொழியாகக் கூறுவர். மேடை இல்லை, முன்னரே எழுதப்பட்ட உரையாடல் இல்லை. 'கதவைத் திறக்கிறேன்' என்று ஒருவர் கூற, மற்றவர்கள் அதை ஏற்பின் கதவு திறந்துவிட்டது. விளைவு ஐயத்திற்குரியதாயின் பகடை உருட்டப்படும். இங்குக் கூற்றே செயலாகிறது.

கூற்றே செயலாகும் இடத்தில், இருவர் ஒரே வேளையில் பொருந்தாத கூற்றுகளை மொழிந்தால் எது நிகழ்ந்ததாகக் கொள்வது? இவ்வினாவிற்குச் சில விளையாட்டுகள் தந்துள்ள விடைகளை ஒப்பிட்டு மதிப்பிட இக்கட்டுரை முற்படுகிறது. முரண்பாட்டு விதிகளை மதிப்பிடுவோர், அவ்விதி வெற்றியாளரை எவ்வளவு விரைவாகவும் நடுநிலையாகவும் காட்டுகிறது என்பதையே பெரிதும் நோக்குவர். தோற்றவரின் கூற்றுக்கு அவ்விதி என்ன செய்கிறது என்பதே அதனினும் முதன்மையான அளவுகோல் என்பது நம் கருத்து.

கூற்றும் கேட்போரும்

தொல்காப்பியச் செய்யுளியல், செய்யுளின் 34 உறுப்புகளுள் கூற்றையும் கேட்போரையும் தனித்தனி உறுப்புகளாக வைத்து எண்ணுகிறது. நாம் இங்கு ஆராயும் விளையாட்டுகளுக்கும் அம்மரபிற்கும் வரலாற்றுத் தொடர்பு ஏதுமில்லை. எனினும் இவ்விரு சொற்களும் நமக்குப் பயன்படும் கருவிகளாகின்றன. ஒரு கூற்றின் பொருள், சொல்பவரோடு முடிந்துவிடுவதில்லை. யார் கேட்கிறார் என்பதும் அதில் அடங்கும். பாத்திரமேற்பு விளையாட்டில் கேட்போரே அடுத்துக் கூறுவோரும் ஆவர். அவர்கள் ஏற்காத கூற்று காற்றோடு போகும்.

அமெரிக்கச் சமூகவியலாளர் கேரி ஆலன் ஃபைன், இத்தகைய குழுக்களிடையே களஆய்வு நிகழ்த்தி 1983இல் 'ஷேர்டு ஃபேண்டசி' என்னும் நூலை வெளியிட்டார். எர்விங் காஃப்மனின் சட்டகக் கோட்பாட்டைப் பின்பற்றி, மேசையில் அமர்ந்திருப்பவர் ஒரே வேளையில் மூன்று நிலைகளில் இயங்குகிறார் என்று அவர் விளக்கினார். அவர் இயல்பு வாழ்வில் ஒரு மனிதர். விதிகளை அறிந்து ஆடும் ஆட்டக்காரர். கதைக்குள் உலவும் பாத்திரம். விளையாட்டு வடிவமைப்பாளர் வின்சென்ட் பேக்கரின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் கருத்தொன்றும் ஈண்டுக் கருதத்தக்கது. கற்பனை நிகழ்வுகள் குறித்து ஒரு குழுவினர் தமக்குள் உடன்பாடு காணும் வழி எதுவோ அதுவே அவ்விளையாட்டின் விதிமுறை என்பது அதன் சாரம். இவ்விரண்டையும் இணைத்துப் பார்த்தால், முரண்பட்ட செயல்களைத் தீர்க்கும் விதி, பாத்திரங்களின் வாளுக்கும் வில்லுக்கும் மட்டும் உரியதன்று என்பது புலனாகும். பொதுக் கதையில் யாருடைய சொல் நிலைக்கும் என்பதையும் அதுவே வரையறுக்கிறது.

முரணின் மூவகை

விளக்கத்தின் பொருட்டு ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்வோம். பாத்திரங்கள் இரவில் ஒரு கோட்டை வாயிலை அடைகின்றனர். காவலன் ஒருவன் விளக்கோடு வருகிறான். முதல் ஆட்டக்காரர், 'நான் அவனிடம் நயமாகப் பேசி வழிகேட்கிறேன்' என்கிறார். அவர் சொல்லி முடிப்பதற்குள் இரண்டாமவர், 'நான் அவன்மேல் அம்பு எய்கிறேன்' என்கிறார்.

இதில் மூன்று வகை முரண்களைப் பிரித்தறியலாம். முதலாவது காலமுரண்: சொல் முந்தியதா, அம்பு முந்தியதா? இரண்டாவது நோக்கமுரண்: அம்பு பாய்ந்தபின் நயமான பேச்சுக்குப் பொருளில்லை, ஒருவர் செயல் மற்றவர் செயலின் பயனை அழிக்கிறது. மூன்றாவது நேர்முரண்: முதலாமவர் திரும்பி, 'நான் அவர் வில்லைப் பிடுங்குகிறேன்' என்றால், பாத்திரமும் பாத்திரமும் எதிர்நின்று மோதுகின்றன. காலமுரணைத் தீர்க்க ஒரு வரிசைமுறை போதும். நோக்கமுரணுக்கு அது போதாது. பல விளையாட்டுகளின் குறைபாடு, நோக்கமுரணையும் காலமுரணாகவே கருதி, வரிசை ஒன்றை வகுத்துவிட்டு அமைதியடைவதில்தான் உள்ளது.

வரிசைமுறையின் வலிமையும் குறையும்

'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டின் பதிப்புகளை வரிசையாக நோக்கினால் இக்குறைபாடு தெளிவாகும். 1989இல் வெளியான இரண்டாம் பதிப்பில், ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் நடத்துநர் எதிரிகளின் செயலைத் தம் மனத்துள் முடிவு செய்வார். பின்னர் ஆட்டக்காரர் அனைவரும் தத்தம் செயலை அறிவிப்பர். அதன்பின்னரே முந்துரிமைக்கான பத்துமுகப் பகடை உருட்டப்படும். அணிக்கு ஒரு பகடை என்பதே அப்பதிப்பின் பொதுமுறை. 2000இல் வெளியான மூன்றாம் பதிப்பு இந்த அறிவிப்புப் படியை நீக்கியது. ஒவ்வொருவரும் போரின் தொடக்கத்தில் ஒருமுறை இருபதுமுகப் பகடையை உருட்டுவர். அவ்வரிசையே இறுதிவரை சுழலும். தம் முறை வரும்போது செயலைக் கூறினால் போதும். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பும் அடிப்படையில் இம்முறையையே பின்பற்றியது.

இம்மாற்றத்தால் விளைந்த நன்மையை மறுப்பதற்கில்லை. முன்னரே அறிவித்த செயல், தம் முறை வருவதற்குள் பொருளற்றுப் போகும் இடர் நீங்கியது. எவரும் எவரையும் முந்திப் பேசவேண்டியதில்லை. மெல்லிய குரலுடையவரும் தம் முறை வரும்வரை காத்திருந்து பேசலாம்.

ஆயினும் நம் கோட்டை வாயிற் காட்சியை இவ்விதியில் பொருத்திப் பார்ப்போம். அம்பெய்பவரின் பகடை உயர்ந்த எண்ணைக் காட்டுகிறது. அம்பு பாய்கிறது, காவலன் வீழ்கிறான். அடுத்து, பேச விரும்பியவரின் முறை வருகிறது. நடத்துநர் அவரை நோக்கி, 'நீங்கள் என்ன செய்கிறீர்கள்?' என்று வினவுகிறார். விதியின் பார்வையில் இங்கு முரண்பாடே நிகழவில்லை. இருவர்க்கும் ஒவ்வொரு முறை கிடைத்தது. ஆனால் பேச விரும்பியவரின் கூற்று கதையிலிருந்து முற்றாக மறைந்துவிட்டது. அவர் தடுத்தார், இவர் மீறினார் என்ற செய்திகூடக் கதையில் எஞ்சவில்லை.

இரண்டாம் பதிப்பின் அறிவிப்புப் படி, இம்முரணைத் தீர்க்கவில்லை எனினும் அதனைக் கேட்கச் செய்தது. 'பேசுகிறேன்', 'எய்கிறேன்' என்னும் இரு கூற்றுகளும் பகடைக்கு முன்னரே மேசைமேல் வைக்கப்பட்டன. கேட்போர் இடைமறிக்கவும், கூறியவர் தம் எண்ணத்தை மாற்றிக்கொள்ளவும் ஒரு சிறு இடைவெளி கிடைத்தது. வேகத்தின்பொருட்டு நீக்கப்பட்ட அந்த இடைவெளியே, நோக்கமுரண் வெளிப்படக்கூடிய ஒரே வாயிலாக இருந்தது என்று நாம் கருதுகிறோம்.

மறைத்தெழுதும் மரபு

வரிசைமுறைக்கு மாற்றாக, செயல்களை ஒரே வேளையில் வெளிப்படுத்தும் மரபு ஒன்றும் போர் விளையாட்டுகளில் நெடுங்காலமாக இருந்து வந்துள்ளது. 1824இல் பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் வெளியிட்ட 'கிரீக்ஸ்ஷ்பீல்' என்னும் பயிற்சியாட்டத்தில், இரு தரப்பினரும் தம் கட்டளைகளை எழுதி நடுவரிடம் அளித்தனர். முழு நிலவரத்தையும் அறிந்தவர் நடுவர் ஒருவரே. விளைவுகள் பகடையாலும் அட்டவணைகளாலும் கணிக்கப்பட்டன. 1876இல் வெர்டி டு வெர்னுவா, அட்டவணைகளை விலக்கி நடுவரின் பட்டறிவையே முடிவுக்கு ஆதாரமாக்கும் முறையை முன்வைத்தார். பாத்திரமேற்பு விளையாட்டின் நடத்துநர், இந்நடுவர் மரபின் வழித்தோன்றல் எனலாம்.

ஆலன் கால்ஹாமர் 1959இல் வெளியிட்ட 'டிப்ளோமசி' இதன் மறுமுனையில் நிற்கிறது. இது பாத்திரமேற்பு விளையாட்டு அன்று. ஏழு ஐரோப்பிய வல்லரசுகளை ஆட்டக்காரர் ஏற்று ஆடும் பலகை விளையாட்டு. ஆயினும் நம் ஆய்வுப்பொருளுக்கு இது மிக நெருக்கமானது. அனைவரும் பேரம் பேசிய பின் தம் கட்டளைகளை மறைவாக எழுதுகின்றனர். அவை ஒருங்கே வெளியிடப்படுகின்றன. பகடை கிடையாது. ஒரே நிலப்பகுதிக்குள் சமவலிமையுடைய இரு படைகள் புக முயன்றால், இரண்டும் நகராமல் தத்தம் இடத்திலேயே நிற்கும். முரண்பட்ட செயல்களை எவரது விருப்புவெறுப்பிற்கும் இடமின்றித் தீர்க்கும் விதிகளுள் இது தெளிவானது.

எனினும் அவ்விதியை அவ்வாறே பாத்திரமேற்பு விளையாட்டில் கையாள இயலாது. நிலப்படத்தில் இரு படைகள் நகராதிருப்பதும் ஒரு விளைவே. அதனால் வேறொருவர் பயனடைவார். கோட்டை வாயிலில் பேச்சும் அம்பும் ஒன்றையொன்று அழித்து ஏதும் நிகழாதிருப்பின் கதை நின்றுவிடும். இம்மரபிலிருந்து பெறத்தக்க பாடம் வேறு. கூற்றுகள் அனைத்தும் முடிவுக்கு முன் பதிவாகின்றன. தோற்ற கட்டளையையும் அனைவரும் படித்தறிகின்றனர்.

தோற்ற கூற்று கதையில் வாழ்தல்

2000ஆம் ஆண்டிற்குப் பின் எழுந்த சில சிறு விளையாட்டுகள், தோற்ற கூற்றைக் காப்பதையே தம் விதிகளின் நடுவிடமாகக் கொண்டன. வின்சென்ட் பேக்கர் 2004இல் வெளியிட்ட 'டாக்ஸ் இன் தி வின்யார்ட்' அவற்றுள் ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க மேற்கை ஒத்த கற்பனை நிலத்தில், ஊர்தோறும் சென்று குற்றங்களுக்குத் தீர்ப்பளிக்கும் இளஞ்சமயக் காவலர்களே இதன் பாத்திரங்கள். இவர்களுக்குள் கருத்துவேறுபாடு எழும் வண்ணமே விளையாட்டு அமைக்கப்பட்டுள்ளது. ஒருவர் மன்னிக்க விரும்புவார். மற்றவர் தண்டிக்க விரும்புவார்.

முரண் எழுந்ததும், எது குறித்து மோதுகின்றோம் என்பதை இருவரும் முதலில் உடன்பட்டு வரையறுக்க வேண்டும். பின்னர் இருவரும் தம் பகடைகள் அனைத்தையும் உருட்டி வெளிப்படையாக வைக்கின்றனர். ஒருவர் இரு பகடைகளை முன்வைத்து ஒரு செயலையோ சொல்லையோ கூறுவார். எதிராளி அதற்கு ஈடான எண்ணைத் தம் பகடைகளால் நிரப்பி விடையளிக்க வேண்டும். மூன்றோ அதற்கு மேலோ பகடைகள் தேவைப்படின், அந்த அடி அவர்மேல் பட்டதாகக் கருதப்படும். பேச்சில் தோற்பவர் உடல்வழிச் செயலுக்கும், அதிலிருந்து கைகலப்பிற்கும், துப்பாக்கிக்கும் செல்லலாம். ஒவ்வொரு படியிலும் புதிய பகடைகள் கிடைக்கும். அல்லது எந்நிலையிலும் விட்டுக்கொடுத்து விலகலாம்.

இங்குக் கோட்டை வாயிற் காட்சி முற்றிலும் வேறாகிறது. காவலன் உயிர்பிழைப்பானா என்பதே மோதலின் பொருள் என இருவரும் உடன்படுகின்றனர். 'வில்லைத் தாழ்த்து, இவன் நமக்குப் பகைவன் அல்லன்' என்பது ஒரு நகர்வு. 'நேற்று இரவு நம் தோழனைக் கொன்றவன் இவனே' என்பது அதற்கு விடை. இறுதியில் அம்பு பாய்ந்தாலும், அதற்கு முன் சொல்லப்பட்டவை அனைத்தும் கதையில் நிகழ்ந்தவையே. பேச விரும்பியவர் தோற்றார். அவர் கூற்று அழியவில்லை. தடுத்தும் கேளாமல் எய்தவர் என்னும் பொறுப்பை இரண்டாமவர் ஏற்கிறார்.

இவ்விதியின் குறையையும் சுட்டுதல் வேண்டும். படிநிலை உயர உயரப் பகடை கூடுவதால், வன்முறைக்கு முதலில் துணிபவர்க்கு வலிமை மிகுகிறது. எந்த விலைக்கு வெல்வது என்ற அறவினாவை எழுப்பவே ஆசிரியர் இவ்வாறு அமைத்தார் எனத் தோன்றுகிறது. ஆயின் மேசையில் அமர்ந்துள்ள மனிதர்களுக்குள் பகை இருப்பின், அதே விதி அப்பகைக்கு எரிபொருளாகவும் கூடும்.

லூக் கிரேன் உருவாக்கிய 'பர்னிங் வீல்' விளையாட்டின் 2005ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பில் இடம்பெற்ற சொற்போர் விதி, இன்னும் ஒரு படி முன்செல்கிறது. இரு தரப்பினரும் தம் கோரிக்கையை முதலில் அறிவிக்கின்றனர். பகடை கொண்டு தத்தம் வாதத்தின் வலிமையை எண்ணாகப் பெறுகின்றனர். பின்னர் மூன்று நகர்வுகளை மறைவாக எழுதி ஒவ்வொன்றாக வெளியிடுகின்றனர். டிப்ளோமசியில் கண்ட மறைத்தெழுதும் முறை இங்குப் பேச்சுக்களத்தில் ஆளப்படுகிறது. ஒருவரது வாதவலிமை முழுதும் அழிந்ததும் மற்றவர் வென்றவராவார். எனினும் வென்றவர் தம் வலிமையில் எவ்வளவு இழந்தாரோ அதற்கேற்பத் தோற்றவர்க்குச் சலுகை அளித்தாக வேண்டும். சிறிதே இழந்திருப்பின் சிறு சலுகை. பெரிதும் இழந்திருப்பின் பெருஞ்சலுகை. காவலனைக் கொல்லக்கூடாது என்றவர் அரும்பாடுபட்டுத் தோற்றால், அவனைக் கட்டிவைத்துச் செல்வது என்னும் அளவிலேனும் வென்றவர் இறங்கிவர நேரும். தோற்ற கூற்றுக்கு இவ்விதி ஓர் அளவையே வகுத்துத் தந்துள்ளது.

சொல்வன்மையும் பகடையும்

மேற்கண்டவற்றால், பகடையைக் கைவிட்டு உடன்பாட்டுப் பேச்சையே விதியாக்கலாமே என்னும் எண்ணம் எழக்கூடும். பென் லேமன் 2005இல் வெளியிட்ட 'பொலாரிஸ்' பெருமளவு இவ்வழியைத் தேர்ந்தது. நால்வர் ஆடும் இதில் தனியொரு நடத்துநர் இல்லை. ஒரு வீரரை வழிநடத்துபவர்க்கும், அவர்க்கு எதிர்நிற்கும் தரப்பை ஏற்பவர்க்கும் இடையில் முரண் எழும்போது, வரையறுக்கப்பட்ட சில மரபுத் தொடர்களைக் கொண்டே பேச வேண்டும். ஒரு தொடர், முன்னர்க் கூறப்பட்டதை ஏற்று அதற்கு ஈடாக வேறொன்றைக் கோரும். வேறொன்று, கேட்டது மிகையென்று கூறி மாற்றுக் கேட்கும். இன்னொன்று, நிகழ்ந்தது இதுவே என முடித்துவைக்கும். எதிர்ப்பவரும் முன்னவர் கூற்றின்மேல் தம் கூற்றை அடுக்கியே செல்கின்றனர். தோற்ற கூற்று கதையில் வாழவேண்டும் என்னும் அளவுகோலுக்கு இது சிறப்பாக ஈடுகொடுக்கிறது.

ஆனால் இங்கு நம் அளவுகோலின் போதாமையும் வெளிப்படுகிறது. இவ்விளையாட்டில் சொல்வன்மை உடையவர் ஓங்குவார். நொடியில் தக்க நிபந்தனையைக் கற்பனை செய்ய வல்லவர், தயங்கித் தயங்கிப் பேசுபவரைத் தம் விருப்பம்போல் வளைத்துவிட முடியும். விதி இருவர்க்கும் ஒரே தொடர்களைத்தான் தருகிறது. அவற்றைப் பயன்படுத்தும் ஆற்றலைத் தருவதில்லை. இவ்விடத்தில் பகடையின் பெருமையை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். பகடைக்கு நாவன்மை தெரியாது. இருபதுமுகப் பகடை, மேசையில் பேசத் தயங்குபவர்க்கும் பேச்சில் வல்லவர்க்கும் ஒரே வாய்ப்பை அளிக்கிறது. வெஸ்லி 1969இல் தனிப்போரைத் தீர்க்கப் பகடையை எடுத்தது, விதியில்லாத நிலையில் அவர்க்குக் கிட்டிய நடுநிலையான கருவி அதுவே என்பதனாலாகலாம்.

எனவே ஓர் அளவுகோலோடு மற்றொன்றையும் சேர்க்க வேண்டியுள்ளது. தோற்ற கூற்று கதையில் எஞ்சுகிறதா என்பது முதலாவது. சொல்திறம் குறைந்தவரும் முரணில் நுழைந்து நிற்க இயலுமா என்பது இரண்டாவது. 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இரண்டாவதில் தேர்கிறது, முதலாவதில் தளர்கிறது. 'பொலாரிஸ்' முதலாவதில் தேர்ந்து இரண்டாவதில் தளர்கிறது. 'பர்னிங் வீல்' தரும் சொற்போர், ஆட்டக்காரர் தம் வாதத்தை வாயால் மொழியவேண்டும் எனக் கேட்டாலும், வலிமையைப் பாத்திரத்தின் திறன்வழிப் பகடையில் வைக்கிறது. இரு அளவுகோல்களுக்கும் ஒருங்கே இடமளிப்பதில் அதுவே நம் பார்வையில் முந்திநிற்கிறது. அதன் விலை சிக்கல்தன்மை. மூன்று நகர்வுகளையும் அவற்றின் எதிர்நகர்வுகளையும் கற்றுத்தேறப் பல அமர்வுகள் தேவைப்படும்.

பாத்திரத்தின் பெயரால்

இதுவரை பாத்திரங்களுக்கிடையிலான முரணையே பேசினோம். ஃபைன் சுட்டிய மூன்று நிலைகளுள் முதலாவதாகிய மனிதர் நிலைக்கு இனி வருதல் வேண்டும். கள்வர் பாத்திரத்தை ஏற்றவர், உறங்கும் தோழரின் பணப்பையைத் திருடுவதாகக் கூறுவது இவ்விளையாட்டுகளில் பலரும் அறிந்த நிகழ்வு. கேட்டால், 'என் பாத்திரம் அப்படித்தான் செய்யும்' என்பார். பகடை உருட்டப்பட்டுத் திருட்டு வெற்றியடையலாம். விதி நிறைவேறியது, தோழரின் முகமோ வாடிவிட்டது. பாத்திரத்தின் கூற்றுபோல் தோன்றும் இதில், மற்றோர் ஆட்டக்காரரின் இன்பத்தைப் பறிக்கும் மனிதரின் கூற்று மறைந்திருக்கக்கூடும். அதைப் பகடையால் தீர்க்க முயல்வது, நிலைகளைக் குழப்பிக்கொள்வதாகும்.

வின்சென்ட் பேக்கரும் மெகுவே பேக்கரும் 2010இல் வெளியிட்ட 'அப்போகலிப்ஸ் வேர்ல்ட்' இந்நிலைவேறுபாட்டை விதிக்குள்ளேயே உணர்ந்துள்ளது. ஒரு பாத்திரம், நடத்துநர் இயக்கும் மாந்தரை நயத்தாலோ பேரத்தாலோ இணங்கச் செய்யப் பகடை உருட்டலாம். எதிரிலிருப்பது மற்றோர் ஆட்டக்காரரின் பாத்திரமாயின், பகடை அவரைக் கட்டாயப்படுத்துவதில்லை. பகடை முழுமையாக வென்றாலும், இணங்கினால் அவர்க்கு ஒரு வளர்ச்சிப் புள்ளி கிடைக்கும், மறுத்தால் இடரை எதிர்கொண்டே செயற்படவேண்டும் என்னும் இரு விளைவுகள் மட்டுமே அவர்முன் வைக்கப்படும். தேர்வு அவருடையதே. பிறர் பாத்திரத்தின் உள்ளத்தின்மேல் ஒருவரது பகடைக்கு ஆட்சியில்லை என்னும் எல்லையை இவ்விதி வரைகிறது. மறுப்பவரின் கூற்றும் கதையில் நிற்கிறது. மறுப்பிற்கு ஒரு விலையும் இருக்கிறது.

இத்தகைய விதியும் இல்லாத விளையாட்டில் நடத்துநர் செய்யத்தக்கது யாது? பகடையை எடுக்குமுன் ஆட்டத்தை ஒரு நொடி நிறுத்தி, இருவரிடமும் தனித்தனியே, 'இச்செயலால் நீங்கள் விரும்புவது என்ன?' என்று வினவுவதே முதற்படி என்போம். அம்பெய்பவர், 'காவலன் ஒலியெழுப்பக்கூடாது என்பதே என் விருப்பம்' என்று விடையளிக்கலாம். பேச விரும்பியவர், 'காவலன் சாகக்கூடாது' எனலாம். விருப்பங்கள் வெளிப்பட்டதும், செயல்கள் முரண்பட்டனவே அன்றி நோக்கங்கள் முற்றும் முரண்படவில்லை என்பது பல வேளைகளில் தெரியவரும். அதன்பின்னும் முரண் எஞ்சுமாயின் பகடை உருளட்டும். அப்போது தோற்றவர், தாம் எதற்காக நின்றோம் என்பதை அனைவரும் கேட்டனர் என்னும் நிறைவோடு தோற்பார்.

வகுப்பறைக்கு ஒரு குறிப்பு

இவ்விளையாட்டுகள் நம் பாடத்திட்டத்தில் இடம்பெற்றவை அல்ல. எனினும் பாகமேற்று நடித்தலைக் கற்பித்தற் கருவியாகக் கையாளும் தமிழாசிரியர்களுக்கு இவ்வாய்வு முற்றிலும் அயலானதன்று. எழுதித்தந்த உரையாடலை ஒப்புவிக்கும் நிலையைக் கடந்து, மாணவர்கள் தாமே சொல்லைப் படைத்துப் பேசும்போது, இருவர் கூற்று மோதுவது இயல்பு. அவ்வேளையில் வீட்டிலும் தமிழ் பேசி வளர்ந்த மாணவரின் சொல்லே வகுப்பில் எளிதில் நிலைபெறும். தமிழைப் பள்ளியில் மட்டுமே கேட்கும் மாணவர் தம் கருத்தை விட்டுக்கொடுத்துப் பின்வாங்குவர். அவர் இழப்பது அந்த ஒரு காட்சியை மட்டுமன்று. அடுத்தமுறை வாய் திறக்கும் துணிவையும் இழக்கிறார்.

இருவர் விருப்பத்தையும் முதலில் ஒரு தொடரிலேனும் சொல்லவைத்தல், முடிவைச் சொல்திறத்திற்கு மட்டும் விடாது பகடைக்கோ சீட்டுக்கோ ஒரு பங்கு அளித்தல், வென்றவர் தோற்றவரின் கூற்றிலிருந்து ஏதேனும் ஒன்றைத் தம் அடுத்த பேச்சில் சேர்த்தாக வேண்டும் என வகுத்தல் ஆகிய மூன்றையும் மேற்கண்ட விதிகளிலிருந்து ஆசிரியர் எடுத்தாளலாம். மூன்றாவது, கேட்டல் திறனுக்கும் பயிற்சியாகும். தோற்றவர் சொன்னதைச் செவிமடுக்காதவர் அதனைத் தம் பேச்சில் சேர்க்க இயலாது.

முடிவுரை

முரண்பட்ட செயல்களைத் தீர்க்கும் விதி, மேசையில் ஒழுங்கைக் காக்கும் வெறும் போக்குவரத்து விதியன்று என்பதை இக்கட்டுரை நிறுவ முயன்றது. வரிசைமுறை விரைவைத் தருகிறது. முரண் நிகழ்ந்த சுவட்டை அழிக்கிறது. மறைத்தெழுதும் முறை அனைத்துக் கூற்றுகளையும் பதிவு செய்கிறது. கதையை நிறுத்திவிடவும் கூடும். படிப்படியான மோதல் தோற்ற கூற்றை வாழவைக்கிறது, வன்மையாளர்க்குச் சாய்கிறது. உடன்பாட்டுப் பேச்சு இணைந்து கதை புனைகிறது; நாவல்லார்க்குச் சாய்கிறது. குறையற்ற விதி ஒன்றை நாம் இங்குக் காணவில்லை.

எனினும் விதிகளைத் தேர்வோர்க்கும் வகுப்போர்க்கும் ஒன்றைக் கூற விழைகிறோம். பொதுக் கதை ஒன்றில் பலர் கூடும்போது, எல்லார் விருப்பமும் நிறைவேறுதல் இயலாது. சிலர் தோற்பர். தோற்றவர் மீண்டும் அடுத்த வாரம் அதே மேசைக்கு விரும்பி வருவாராயின், அவர் சொல் கேட்கப்பட்டது என்பதே அதற்குக் காரணமாக இருக்கும். அந்நிலையை உருவாக்கும் விதியே நல்ல விதி.